ஆறாவது வாளி

குட்டி வந்து மூன்று கிழமைக்குள் என் வீட்டில் இரண்டு சோடிச் செருப்பும் கூட்டுகிற தும்புத்தடி ஒன்றும் குசினிக் கதிரையின் ஒரு காலும் போய்விட்டன. அதற்காகவெல்லாம் நான் அதை ஒரு வகுப்பில் சேர்க்க அலைந்திருக்கமாட்டேன். செருப்பு வேறு வாங்கலாம். சுவரோடு சாய்த்து வைத்தால் கதிரை மூன்று காலிலும் நிற்கும்.

நாய் வளர்ப்பது என் எண்ணமே இல்லை. கடைசி மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். அவளுடைய அப்பா போன பிறகு நான் தனியே இருக்கிறேன் என்று கிழமைக்கு இரண்டு தரம் தொலைபேசியில் அழுவாள். "ஒண்டில் இங்க வாங்கோ, இல்லாட்டி ஆரையாவது கூட வச்சிருங்கோ" என்பாள். இரண்டுக்கும் மாட்டேன் என்றேன். முப்பது வருடம் துறைமுகத்து வேலையாட்களுக்குச் சாப்பாட்டுப் பார்சல் கட்டிக் கொடுத்து நான்கு பிள்ளைகளை வளர்த்தவள் நான். எனக்கு எதற்குக் காவல்? கடைசியில் அவள் யாரையோ பிடித்து, ஒரு மண்ணிற நாய்க்குட்டியை மட்டைப் பெட்டிக்குள் வைத்து என் வாசலுக்கு அனுப்பிவிட்டாள். பெட்டியைத் திறந்ததும் அது என் கையை நக்கியது. நான் பெயர் வைக்கவில்லை. திருப்பி அனுப்பப்போகிற ஒன்றுக்குப் பெயர் வைத்து என்ன செய்ய? குட்டி என்று கூப்பிட்டேன். அது அதற்கே ஓடி வந்தது.

எதைக் கண்டாலும் முதலில் நக்கும். பிறகு கடிக்கும். பிறகு இழுத்துக்கொண்டு ஓடும். இதுதான் அதன் குணம்.

இனிப் பக்கத்து வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவே ஒரு மதில் இருக்கிறது. மதிலில் கிணற்றடிக்கு நேரே ஓர் ஆள் போய்வரக்கூடிய வழி. மதில் கட்டிய காலத்தில் இரண்டு வீட்டு ஆண்களும் அந்த வழியையும் சேர்த்து அடைக்கத்தான் பார்த்தார்கள். அவர்கள் வேலைக்குப் போன பிறகு நாங்கள் இரண்டு பெண்களும் மேசனுக்குத் தேத்தண்ணீரும் வடையும் கொடுத்து அந்த இடத்தை விட்டுக் கட்டச் சொன்னோம். அந்தப் பக்கத்துப் பெண் கிண்ணியாவுக்குக் கிட்ட குறிஞ்சாக்கேணியில் பிறந்த முஸ்லிம் பெண். நான் இலங்கைத்துறையில் பிறந்தவள். இரண்டு பேரும் கலியாணம் முடித்து ஒரே வருடத்தில் இந்த ஒழுங்கைக்கு வந்தோம். என்னைவிட மூன்று வயது இளையவர். என்னை அக்கா என்பார். நான் தங்கச்சி என்பேன். இப்போது அவருக்கும் கணவர் இல்லை.

கிணறு அவர் பக்கம். உடுப்புக் காயப்போடும் கொடி என் பக்கம், ஏனென்றால் வெயில் என் பக்கம்தான் நிறைய விழும். இப்படியே நாற்பது வருடத்துக்கு மேல் போய்விட்டது.

குட்டி வந்த அன்றே அவர் வழியில் வந்து நின்று பார்த்தார். உள்ளே கால் வைக்கவில்லை.

"இதென்ன கா, இந்த வயசில புள்ள பெத்தவ மாதிரி மடியில வச்சிக்கிட்டு?"

"மகள் அனுப்பினவள். நான் என்ன செய்யிறது?"

"எனக்கு நாயோட கோவமில்ல. ஆனா அது ஈர வாயோட என்ட உடுப்பில பட்டா நான் ஏழு தரம் கழுவணும், ஒரு தரம் மண் போட்டு. அப்பதான் தொழலாம். ஒங்களுக்குத் தெரியும்தானே."

எனக்குத் தெரியும். பல வருடத்துக்கு முன் அவருடைய நாத்தனாரின் கலியாணத்தில் சோறாக்கிய கிடாரத்தில் ஒரு தெருநாய் வாய் வைத்துவிட்டது. அந்தக் கிடாரத்தைக் கழுவ மண் அள்ளிக் கொடுத்தவளும் தண்ணீர் அள்ளி ஊற்றியவளும் நான்தான்.

"உங்கட உடுப்புக் கொடியில கிடக்கிற நேரம் நான் இதைக் கட்டித்தான் வச்சிருப்பன், தங்கச்சி" என்று சொன்னேன். நான் ஒன்றைச் சொன்னால் செய்வேன் என்று இந்த ஒழுங்கையில் எல்லாருக்கும் தெரியும்.

அது நோன்பு மாதத்தின் தொடக்கம். ஒரு திங்கட்கிழமை காலையில் அவர் தன்னுடைய தொழுகை விரிப்பைக் கழுவிக் கொண்டுவந்து கொடியில் போட்டுவிட்டுப் போனார். முஸல்லா என்று அவர் சொல்வார். கரும்பச்சை நிறம், இரண்டு ஓரத்திலும் குஞ்சம். அவருடைய கணவர் ஹஜ்ஜுக்குப் போய்வந்தபோது கொண்டுவந்தது. வந்த வருடமே அவர் மௌத்தாகிவிட்டார். அவர் இறந்த பிறகு இவர் வேறு எதிலும் தொழுவதில்லை.

குட்டியைக் கட்டித்தான் வைத்திருந்தேன். அது அழுதது. பொறுக்கமுடியாமல் மத்தியானத்துக்குப் பிறகு பத்து நிமிடத்துக்கு அவிழ்த்துவிட்டேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுப்பில் சோறு பொங்கி வழிந்த சத்தம் கேட்டது. உள்ளே போய்ப் பானையை இறக்கிவிட்டு வந்து பார்க்கிறேன், விரிப்பு நிலத்தில் கிடக்கிறது, குட்டி அதன்மேல் படுத்துக்கொண்டு ஒரு குஞ்சத்தை வாயில் வைத்துச் சப்புகிறது.

அவர் நோன்புக் களைப்பில் உள்ளே படுத்திருந்தார். ஒருவரும் பார்க்கவில்லை.

அப்போதே மதில் வழியால் போய், "தங்கச்சி, இப்பிடி நடந்துபோச்சு" என்று சொல்லியிருக்கலாம். நான் போகவில்லை. சொன்ன சொல்லை மூன்று கிழமைகூடக் காப்பாற்றாதவளாக அவர் முன்னால் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. நானே கழுவிவிடலாம், முறை எனக்குத் தெரியும்தானே என்று நினைத்தேன்.

விரிப்பை என் வீட்டின் பின்பக்கக் குழாயடிக்குக் கொண்டுபோனேன். வேலியோரத்து மண்ணைக் கிண்டி, கல் பொறுக்கி, தண்ணீரில் கரைத்து முதல் தரம் கழுவினேன். பிறகு நல்ல தண்ணீர். வாளி வாளியாகப் பிடித்து, முக்கி, பிழிந்து, ஊற்றி, திரும்பவும் பிடித்தேன். தண்ணீர் குடித்த விரிப்பு ஒரு மூட்டை அரிசி கனம் கனத்தது. எனக்கு எழுபத்திநாலு வயது. ஐந்தாவது தரம் முடிந்தபோது இடுப்பு நிமிரவில்லை. ஆறாவது வாளியில் விரிப்பைப் போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். அந்த நேரம் குட்டி வந்து அந்த வாளிக்குள் வாயை வைத்து ஒரு மிடறு குடித்தது.

அதைத் துரத்தினேன். தண்ணீரைக் கவிழ்த்தேன். திரும்பவும் மண்ணிலிருந்து தொடங்கவேண்டும், ஒன்றிலிருந்து ஏழுவரைக்கும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. நான் தொடங்கவில்லை. இன்னொரு வாளி பிடித்து, ஒரு தரம் முக்கியெடுத்து, "ஏழு" என்று சத்தமாகச் சொன்னேன். யாருக்குச் சொன்னேனோ தெரியாது.

குஞ்சத்தில் இரண்டு நூல் இழுபட்டிருந்தது. கத்தரிக்கோலால் வெட்டிச் சரிபண்ணினேன். இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே, நல்ல வெயிலில் காயப்போட்டேன். மூன்றரை மணிபோல் அவர் வந்து எடுத்தார்.

"நல்லா காஞ்சிரிக்கி கா. காத்து நல்லம் இன்டைக்கு."

"ஓம்" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் மதிலுக்கு அப்பால் அவர் விரிப்பை உதறி விரிக்கிற சத்தம் கேட்டது. பட்டென்று ஒரு தரம். அந்தச் சத்தத்தை நாற்பது வருடமாக ஒரு நாளைக்கு ஐந்து தரம் கேட்கிறேன். அதற்கு முதல் அதை நான் கவனித்ததே இல்லை.

நோன்பு மாதத்தில் ஒவ்வொரு நாளும் பின்னேரம் அவர் வழியில் வந்து நின்று, "அக்கா, கஞ்சி!" என்று கூப்பிடுவார். கோப்பையை வாங்கி வருவேன். அன்றும் வாங்கினேன். இஞ்சியும் பூண்டும் தேங்காய்ப்பாலும் மணக்கிற கஞ்சி. அதைக் குடிக்கவும் முடியவில்லை, ஊற்றவும் முடியவில்லை. ஆறவிட்டு மெல்ல மெல்ல விழுங்கினேன்.

அடுத்த நாள்தான் வகுப்பு யோசனை வந்தது. ஊசி போட்ட மிருக வைத்தியர் முன்பே சொல்லியிருந்தார், இப்போது நாய்க்கும் பழக்குகிற இடங்கள் இருக்கின்றன, இரண்டு பேர் இந்தப் பக்கம் செய்கிறார்கள் என்று. குட்டி சொல்வழி கேட்கப் பழகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குட்டி திருந்தினால் அந்தத் திங்கட்கிழமையும் திருந்திவிடும் என்று நினைத்தேன் போல.

சனிக்கிழமை முதலாவது இடத்துக்குப் போனேன். கடற்கரைப் பக்கம் பழைய களஞ்சியங்களுக்குப் பின்னால் ஒரு வெறுங்காணி. முச்சக்கரவண்டியில் போகும்போது எங்கள் ஊர்த் தெருவில் எப்போதும் திரிகிற மான்கள் வழியில் புல் மேய்வதைக் கண்டு குட்டி என் மடியில் நின்று குரைத்தது. "அம்மா, இதை மானுக்குப் பழக்கிறதுக்கிடையில அதுகள் செத்துப்போயிடும்" என்றார் வண்டிக்காரர்.

வகுப்பு நடத்துகிறவர் அறுபது வயதுக்காரர். முன்பு காவல் நாய்களோடு வேலை செய்தவராம். ஒரு தோல் வாரை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டே பேசினார்.

"என்ன பிழை செய்யுது?"

"ஆக்களில பாயுது."

"ஆரில?"

"எல்லாரிலயும்."

"அவ்வளவுதானே. ஆறு கிழமை இங்க விட்டிட்டுப் போங்கோ. திரும்பித் தரேக்க இரு எண்டா இருக்கும், கிட எண்டா கிடக்கும், சாகு எண்டாச் சாகும்." சிரித்தார்.

"நானும் வரவேணுமோ?"

"நீங்கள் ஏன்? நீங்களும் பாயிறனீங்களோ?"

எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அவர், நாய்க்கு இங்கிலீஷில்தான் சொல்லவேண்டும், தமிழில் சொன்னால் அது மதிக்காது என்றார்.

"எனக்கு இங்கிலீஷ் ஏலாது."

"நாலு சொல்லுத்தானே அம்மா. மறந்துபோனால் கையில ஒரு தடி வச்சிருங்கோ. அது எல்லாப் பாஷையும் கதைக்கும்."

காணியின் மூலையில் ஒரு பெரிய கறுப்பு நாய் கட்டாமலே கிடந்தது. நல்ல வளர்த்தி. இவர் பக்கத்தால் நடக்கும்போதெல்லாம் அது வயிற்றை நிலத்தோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளும். இவர் கடந்துபோன பிறகுதான் கண் திறக்கும். எங்கள் குட்டி இவருடைய சப்பாத்தை நக்கப் போனது. இவர் அதைத் தொடவில்லை. வாரை நிலத்தில் ஒரு அடி அடித்தார். குட்டி நின்ற இடத்திலேயே சலம் போய், என் கால்களுக்கிடையில் வந்து ஒளிந்தது.

"பாத்தியளா, எவ்வளவு கெதியா விளங்குது?" என்றார்.

அடுத்த சனிக்கிழமை கொண்டுவந்து விடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் முறை எனக்குப் பிடித்தது என்று சொல்லமுடியாது. ஆனால் அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

நாட்கள் போயின. ஒவ்வொரு தொழுகைக்கும் அந்த விரிப்பு உதறும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு பின்னேரமும் "அக்கா, கஞ்சி!" என்ற குரல் கேட்டது. அவருடைய கோப்பையைக் கழுவி, குட்டிக்கு எட்டாத மேல்தட்டில் வைப்பேன். கோப்பையில் காட்டிய கவனத்தை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை இரண்டாவது இடத்தையும் ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று போனேன். உட்துறைமுகப் பக்கம் ஒரு வீட்டு வளவு. மாமரத்தின் கீழ் ஒரு இளம் பெண் ஐந்தாறு நாய்களோடு நின்றார். முதலில் என்னை உட்கார்த்தி, ஒரு கடதாசியும் பேனையும் தந்தார்.

"இதை நிரப்பித் தாங்கோ அம்மா."

எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டுவேன், ஆனால் மற்றவர்கள் பார்த்திருக்கக் கூட்டமாட்டேன். "கண்ணாடி கொண்டுவரேல்ல" என்றேன். என் வீட்டில் கண்ணாடியே இல்லை. அந்தப் பெண் ஒன்றும் நினைக்கவில்லை, அல்லது நினைத்ததைக் காட்டவில்லை. பேனையைத் தானே எடுத்துக்கொண்டு கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தார். எங்கே படுக்கிறது, யார் சாப்பாடு வைக்கிறது, எதற்குப் பயப்படுகிறது. பிறகு கேட்டார்:

"கடைசியாச் செய்த பெரிய குழப்படி என்ன?"

"ஒரு விரிப்பைக் கடிச்சது."

"ஆற்ற விரிப்பு?"

"பக்கத்து வீட்டு ஆக்களின்ர."

"அவைக்குத் தெரியுமோ?"

நான் குனிந்து குட்டியின் காதைத் தடவினேன். அந்தப் பெண் ஒரு கோட்டை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். எனக்கு எழுத்துச் சரியாகத் தெரியாவிட்டாலும் வெறுமையாக விட்ட இடம் தெரியும்.

பிறகு அவித்த ஈரல் துண்டு ஒன்றை எடுத்துக் குட்டியின் மூக்குக்கு மேலே பிடித்து, "இரு" என்றார். குட்டி அண்ணாந்து பார்த்துப் பார்த்துப் பின்பக்கத்தை நிலத்தில் வைத்தது.

"தமிழில சொல்லுறியள்?"

"அம்மா வீட்டில என்ன பாஷை கதைக்கிறியள்?"

"தமிழ்தான்."

"அப்ப அது உங்களோடதானே இருக்கப்போகுது."

எனக்குக் குட்டி இருந்த விதம் பிடித்தது. சேர்க்கிறேன் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அவர் தன்னுடைய ஒரு நிபந்தனையைச் சொன்னார்.

"முதல் வகுப்பு அடுத்த கிழமைச் சனி. அந்தப் பக்கத்து வீட்டு ஆளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"அவ ஏன்?"

"நாய் ஆருக்குப் பக்கத்தில வளருதோ அவை இல்லாமல் நான் தொடங்கிறேல்ல."

"அவ வரமாட்டா, பிள்ளை. அவ முஸ்லிம். நாயில முட்டமாட்டா."

"முட்டவேண்டாம். தள்ளித்தான் நிக்கவேணும். அவ நிக்கிற இடத்துக்கு இது போகாமல் இருக்கப் பழக்கத்தானே வந்தனீங்கள்? அவ இல்லாமல் எப்பிடிப் பழக்கிறது?"

யோசித்துச் சொல்கிறேன் என்று எழும்பினேன்.

அன்று மகளின் அழைப்பு வந்தது. இரண்டு இடத்தைப் பற்றியும் சொன்னேன்.

"ரெண்டாவதுதான் நல்லம் போல கிடக்கு அம்மா. பக்கத்து வீட்டு மாமியைக் கேளுங்கோவன், அவ வருவா."

"நோன்பு நேரம் அவவை ஏன் கரைச்சல்படுத்துவான்?"

"ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"தடிமன்" என்றேன்.

தொலைபேசியை வைத்த பிறகு யோசித்தேன். முதலாவது இடத்தில் குட்டியை மட்டும் கேட்கிறார்கள். இரண்டாவது இடத்தில் என்னைக் கேட்கிறார்கள். முதலாவது ஆளிடம் விட்டால் ஆறு கிழமையில் எல்லாம் முடிந்துவிடும். ஒருவருக்கும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. வியாழன் முழுவதும் அப்படித்தான் முடிவு செய்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, அடுத்த நாள் குட்டியைக் கொண்டுபோய் விடுவதற்கு ஒரு நல்ல கழுத்துப்பட்டி வேண்டுமென்று, அலுமாரியில் கிடந்த என் கணவரின் பழைய இடுப்புப்பட்டியை எடுத்தேன். அளந்து வெட்டலாம் என்று அதை விரித்துப் பிடித்தேன். குட்டி பார்த்தது. வயிற்றை நிலத்தோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு அடி, அதுவும் நிலத்தில் விழுந்த அடி. அந்தக் கறுப்பு நாய் கிடந்த மாதிரியே கிடந்தது.

இந்த இடுப்புப்பட்டி என் வீட்டில் ஒருநாளும் ஒருவர்மேலும் விழுந்ததில்லை. நான் விழ விட்டதும் இல்லை. அதைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்துவிட்டு, குட்டியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, மதில் வழியால் போனேன்.

அவர் குசினி வாசலில் பலகையில் உட்கார்ந்து கஞ்சிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன கா, மொகம் இப்பிடிக் கெடக்கு? புள்ளைக்கு ஏதும் சொகமில்லையா?"

நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன். அவிழ்த்துவிட்டது, அடுப்பு, குஞ்சம், மண், வாளிகள் எல்லாம் சொன்னேன். அவர் வெங்காயத்தை நிறுத்தாமல் வெட்டிக்கொண்டே கேட்டார். ஆறாவது வாளியில் குட்டி வாய் வைத்தது என்று சொன்னபோது கத்தி நின்றது.

"பொறகு?"

"ஏழெண்டு எண்ணிக் காயப்போட்டனான்."

"ஒண்டுல இருந்து தொடங்கல்ல?"

"இல்லை."

கத்தியை வைத்தார். கண்ணில் நீர் இருந்தது, அது வெங்காயமோ என்னவோ.

"போன கெழம திங்கக்கிழம பின்னேரம் அஸருக்குத்தான் நான் அத எடுத்த" என்று மெல்லச் சொல்லிக்கொண்டு, பெருவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணத் தொடங்கினார். உதடு மட்டும் அசைந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கை முடிந்து மறு கைக்குப் போய், திரும்ப இந்தக் கைக்கு வந்தார்.

"இன்டைக்கு விடிய சுபஹு வரைக்கும் அம்பத்திநாலு வக்துத் தொழுகை" என்றார். "தராவீஹ் சுன்னத்து, கட்டாயமில்ல, அத விடுவம். பர்ளு மட்டும் அம்பத்திநாலு. எல்லாம் திருப்பித் தொழணும்."

"பிழை என்னில, தங்கச்சி."

மன்னிப்பு என்ற சொல் எனக்கு வாயில் வராது. பிழை என்னில் என்று நான் யாருக்கும் சொன்னதும் அதுதான் முதல் தடவை.

"நான் ஏதும் செய்ய ஏலுமோ?"

"இது நான் தொழணும் கா. நீங்க என்ன செய்ற?" பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "குட்டியோட எனக்குக் கோவமில்ல. அதுக்கு என்ன தெரியும்? ஒங்களுக்குத் தெரியும். ஏழெண்டும் தெரியும், மண்ணெண்டும் தெரியும். தெரியாத ஒரு ஆள் செஞ்சிருந்தா நான் சிரிச்சிரிப்பன்."

கத்தியை எடுத்தார். "நீங்க போங்க" என்றார். எப்போதும் போய்ட்டு வாங்க என்பவர்.

அன்று பின்னேரம் என்னைக் கூப்பிடவில்லை. அடுத்த நாள் பார்த்தேன், மதிலின் மேல் கஞ்சிக் கோப்பை ஒரு தட்டால் மூடி வைத்திருந்தது. குரல் இல்லை. குடித்தேன். கோப்பையைக் கழுவி அதே இடத்தில் வைத்தேன். அதற்கடுத்த நாளும் அப்படித்தான்.

விரிப்பை அவர் தானே கழுவினார். கதவைச் சாத்திக் குட்டியை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கிணற்றடியில் வாளி விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏழு. அவருக்கும் இடுப்பு வலி இருக்கிறது. போய்த் தண்ணீர் அள்ளிக் கொடுக்கலாம், கிடாரம் கழுவிய காலம்போல. கூப்பிடாமல் போக எனக்கு உரிமை இருந்ததாகத் தெரியவில்லை. பிறகு பார்த்தால், தன் பக்கத்து முருங்கைக்கும் குசினிக் கம்பிக்கும் நடுவே ஒரு புதுக் கயிறு கட்டி அதில் விரிப்பைப் போட்டிருந்தார். அங்கே வெயில் ஒரு மணித்தியாலம்கூட விழாது. என் பக்கத்துக் கொடியில் என்னுடைய இரண்டு சேலை மட்டும் ஆடின.

முதலாவது வகுப்புக்காரருக்கு வரமாட்டேன் என்று வண்டிக்காரரிடம் சொல்லி அனுப்பினேன். நான் சொன்ன சொல்லை மாற்றினேன். அந்த மாதத்தில் அது இரண்டாவது தடவை. அதற்காக வருத்தப்படவில்லை.

வியாழக்கிழமை, மதில் வழியில் போய் நின்றேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு துணி பிழிந்துகொண்டிருந்தார்.

"சனிக்கிழமை காலமை எட்டு மணிக்குக் குட்டியை வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்றேன். "நடந்துதான் போறன். பழக்கிற பிள்ளை உங்களையும் வரச்சொன்னது. நீங்கள் தள்ளி நிண்டாப் போதுமாம். வரவேணும் எண்டு நான் கேக்கேல்ல. சொல்லவேண்டியதைச் சொல்லுறன்."

அவர் துணியை இன்னும் இரண்டு தரம் முறுக்கினார்.

சனிக்கிழமை குட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டு கேற்றைத் திறந்தேன். அவர் தன் வீட்டு வாசலில் குடையோடு நின்றார். கறுப்பு அபாயா, வெளியே போகிற செருப்பு. என்னைப் பார்க்காமல் குட்டியைப் பார்த்தார்.

"கயிறு உரம்தானே?"

"உரம்."

நான் ஒழுங்கையின் இந்த ஓரத்தால் நடந்தேன். அவர் அந்த ஓரத்தால் நடந்தார். நடுவில் சைக்கிள்களும் மீன்காரரும் போனார்கள். அவரைத் தெரிந்த ஒரு பெண், "எங்க போறீங்க மாமி, காலையில?" என்று கேட்டார். "நாய் பள்ளிக்கூடத்துக்கு" என்று அவர் முகத்தை மாற்றாமல் சொன்னார். அந்தப் பெண் பகிடி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு போனார்.

மாமரத்தின் கீழ், பழக்கும் பெண் ஒரு தடியால் மண்ணில் கோடு கீறினார். கோட்டுக்கு அப்பால் பத்தடி தள்ளி அவரை நிற்கவைத்து, முன்னால் ஒரு பழைய துணியை விரித்தார். இந்தப் பக்கம் நானும் குட்டியும்.

"நீங்களே சொல்லுங்கோ அம்மா. கையில ஈரல் இருக்கு, வாயில சொல்லு இருக்கு. அவ்வளவுதான்."

"இரு" என்றேன். குட்டி இருக்கவில்லை. துணியைக் கண்டு பாய்ந்தது. அவர் அபாயாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். கயிறு இழுபட்டு என் கை எரிந்தது. இன்னொரு தரம். திரும்பவும் பாய்ந்தது. எத்தனை தரம் என்று தெரியாது, என் தொண்டை வறண்டுவிட்டது. பிறகு ஒரு தரம் "இரு" என்றபோது இருந்தது. உடம்பெல்லாம் நடுங்கியது, முனகியது, ஆனால் கோட்டைத் தாண்டவில்லை. வால் மட்டும் மண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தது.

"வால் ஆடுதே" என்றார் அவர், அந்தப் பக்கத்திலிருந்து.

"வால் ஆடலாம் மாமி. அது பிழை இல்லை" என்றார் அந்தப் பெண்.

"கூட்டுமாறு மாதிரி ஆடுது. இந்த வளவை இனிக் கூட்டத் தேவல்ல."

சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் மட்டும் சிரித்தார்.

திரும்பி வரும்போதும் ஆளுக்கு ஒரு ஓரம்தான். வெயில் ஏறிவிட்டது. அவருக்கு நோன்பு, உதடு காய்ந்திருந்தது. எங்கள் ஒழுங்கை முடக்குக்கு வந்தபோது, அந்த ஓரத்திலிருந்தே, முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இன்னும் பதினாலு கெடக்கு."

"என்ன?"

"வக்து. ஒவ்வொரு தொழுகையோடயும் ஒண்டொண்டாத் தொழுற. அது முடியட்டும் கா. பொறகு கதைப்பம்."

"ஓம்" என்றேன்.

அவர் கேற்றைத் திறந்து உள்ளே போகும்வரை, குட்டியின் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஒழுங்கையில் நின்றேன். வீட்டுக்கு வந்து அதைக் கட்டினேன். அழுதது. அவிழ்க்கவில்லை.

மத்தியானம் பள்ளியில் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். சோற்றை இறக்கி வைத்துவிட்டு மதிலடியில் போய் நின்றேன். அப்பால் விரிப்பு உதறும் சத்தம் கேட்டது. அவர் ஒன்றைத் தொழுது முடித்து, விரிப்பை விட்டு இறங்காமல் இன்னொன்றைத் தொடங்கி, அதையும் முடித்து, விரிப்பை மடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.

பதின்மூன்று என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டேன்.